வள்ளத்தின் வாலில் நான் ஏற்றிய பாரம்

காரில் என் பக்கத்துக் கண்ணாடியில், கொஞ்சம் எட்டிப் பார்த்தால், பின்னால் இழுத்து வருகிற வள்ளத்தின் வெள்ளை விலா ஒரு விரற்கடை தெரியும். வெளிக்கிட்ட நேரத்திலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓட்டோபான் என்கிற வேகப் பெருந்தெருவில் ஒரு பாலம் ஏறி இறங்கும்போது, அந்த ஒரு விரற்கடை ஒரு முழமாயிற்று. பிறகு ஒன்றுமே இல்லை, ரோட்டு மட்டும். பிறகு மறுபடி ஒரு முழம்.

எங்கள் காரின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து, இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால் இழுப்பது மாதிரி இருந்தது. என் மடியில் இருந்த தேசிக்காய்ப் பை சரிந்து காலடியில் கொட்டிற்று. காய்கள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உருண்டன.

"இஞ்சேருங்கோ," என்றேன். 

இவர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார்.  கார் ரெலிபோனில் மகள் சுகந்தியின் குரல் கேட்டது. அவள் தன்னுடைய காரில் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"அப்பா! வள்ளம் ஆடுது! அப்பா, பின்னால ஆடுது!"

மகள் வந்துகொண்டிருந்தது வள்ளத்துக்கு நேர் பின்னால். எனக்கு அந்த நேரம் அது ஒன்றுதான் தெரிந்தது. கொழுக்கி கழன்றால் அந்த வள்ளம் போய் விழுவது என் பிள்ளையின் மேல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். எழுதும்போதும் பயமாக இருக்கிறது. போன கிழமை இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தங்கச்சி ரெலிபோன் எடுத்து, "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாத ஆள்" என்று சொன்னாள். அவள் இதையும் படிக்கட்டும்.

தண்ணீருக்கு மேலே இருக்க ஆசைப்பட்டவர்

இவர் என்று நான் எழுதுவது என் புருசனை. பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இனியும் பழகப் போவதில்லை.

பான் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை செய்தவர். முதலில் கோப்பை கழுவினார். பிறகு மரக்கறி வெட்டினார். ஆள் வராத நாட்களில் மறுபடியும் கோப்பை கழுவினார். பென்சன் எடுத்து வீட்டில் இருந்த முதல் மாதம், சும்மா இருந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த விரல்களில் நகக்கண் எல்லாம் வெளுத்துப்போய், குளித்துவிட்டு வந்தவரின் விரல் மாதிரியே எப்போதும் இருக்கும்.

ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்.

"இஞ்சேரும், ஒரு வள்ளம் வாங்குவமோ?"

என் கரண்டி கோப்பைக்குள் நின்றுவிட்டது. "உங்களுக்கென்ன விசரே?"

"முப்பது வருசமாய்த் தண்ணிக்குள்ள கையை விட்டுக்கொண்டு நிண்டனான். கொஞ்ச நாளாவது தண்ணிக்கு மேல இருந்து பாப்பம் எண்டுதான்."

எனக்குப் பயம் இருந்தது. ஆனால் என் பயத்தை நான் வெளியில் எடுத்துக் காட்டுகிற ஆளில்லை. "வாங்குங்கோ. நான் ஏறமாட்டன்," என்று சொல்லிவிட்டுச் சட்டி கழுவ எழும்பிவிட்டேன்.

மகள் தகப்பனோடு சேர்ந்துவிட்டாள். அவள் பல் டொக்டர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். கடதாசி வேலை, டெர்மின் என்று சந்திப்பு நேரம் எடுக்கிற வேலை எல்லாம் எங்கள் வீட்டில் அவள்தான். மோசல் ஆற்றில் சின்ன எஞ்சின் பூட்டிய வள்ளம் ஓட்டச் சோதனை எழுதத் தேவையில்லை என்று அவள் தேடிப் பிடித்தாள். அதைக் கேட்டு என் பயம் இன்னும் கூடிற்று. இந்த நாட்டில் தூண்டில் போட்டு மீன் பிடிக்கவே சோதனை வைக்கிறார்கள். வள்ளம் ஓட்ட ஒன்றும் வேண்டாமாம்!

வள்ளத்தைக் காரின் பின்னால் கொழுவி இழுத்து வருகிற வண்டியை இங்கே அன்ஹெங்கர் என்போம். இந்தப் பாரமான அன்ஹெங்கரை இழுக்க மகளின் லைசென்ஸ் காணாது, அது சின்னப் பாரத்துக்குத்தான். இவரின் பழைய லைசென்ஸ் காணும். மடித்து மடித்து மூலை தேய்ந்துபோன அந்தக் கடதாசியை இவர் மேசையில் வைத்து, ராசா மாதிரிச் சிரித்தார்.

"பாத்தீரோ? வீட்டில இதை இழுக்கக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான்."

"எழுபத்தொரு வயசில," என்றேன்.

"லைசென்சுக்கு வயசில்லை," என்றார்.

கயிற்றில் கோத்த வள்ளங்கள்

நான் ஏன் ஏறமாட்டேன் என்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுகந்திக்கு அப்போது ஆறு வயசு. இவர் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த நாட்டில் அகதியாய்ப் பதிந்து சில வருசம் ஆகியிருந்தது. எங்களுக்கும் கடதாசி சரிவந்துவிட்டது, கொழும்புக்கு வாருங்கோ என்று சேதி வந்தது. சண்டை நடந்த அந்தக் காலம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியில் வரக் கிளாலிக் கடல்தான் வழி.

எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று முன்னால் போகும். அதன் பின்னால் ஐந்தாறு வள்ளங்களைக் கயிற்றில் கோத்துக் கட்டி இழுப்பார்கள். இருட்டோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அன்றைக்கு எஞ்சின் பழுதாகி வெளிக்கிடப் பிந்திவிட்டது. பாதிக் கடலில் கிழக்கு வெளுக்கத் தொடங்கிற்று. வெளிச்சம் வந்தால் தூரத்தில் நிற்கிற நேவிக்காரனுக்கும் நாங்கள் தெரிவோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. குழந்தைகள் கூட அழவில்லை.

நாங்கள் இருந்தது கடைசி வள்ளம். அதிலும் கடைசிப் பலகை. மடியில் பிள்ளை. காலுக்குள் என் தகரப் பெட்டி.

வெளிச்சத்தைக் கண்டு எஞ்சின்காரர் வேகத்தைக் கூட்டினார். கூட்டினதும் எங்கள் வள்ளம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையத் தொடங்கிற்று. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே அடித்தது. எங்கள் வள்ளத்துப் படகுக்காரர், ஒல்லி மனுசன், தலையில் துவாய் கட்டியிருந்தவர், எழும்பி நின்று கத்தினார்.

"பின்பாரம் கூட! பின்னுக்கு இருக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! சாமானை எறியுங்கோ!"

சனம் தவழ்ந்து முன்னுக்குப் போயிற்று. பைகள் கடலில் விழுந்தன. நான் பெட்டியை விடவில்லை. அவர் என்னைத் தாண்டிக் குனிந்து, பெட்டியின் பிடியைப் பற்றி, ஒரே தூக்கில் கடலுக்குள் போட்டுவிட்டார்.

பெட்டிக்குள் இவர் எனக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நெருக்கி எழுதினால் அப்போது எனக்கு வாசிக்க ஓடாது; நன்றாய் எழுத வாசிக்கப் பழகியது இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான். அது தெரிந்து இவர் ஒவ்வொரு எழுத்தையும் புளியங்கொட்டை அளவில், தள்ளித் தள்ளி எழுதுவார். ஒரு தாளில் எட்டு வரிதான் வரும். ஒருவரிடமும் கொடுத்து வாசிப்பிக்காமல், நானே விரல் வைத்து வாசித்த கடிதங்கள்.

பெட்டி கொஞ்ச நேரம் மிதந்தது. பிறகு இல்லை.

அந்தப் படகுக்காரரை நான் அன்றைக்குச் சபித்தேன். முப்பது வருசத்துக்கு மேலாய்ச் சபித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தகரப் பெட்டியால் ஒரு வள்ளம் தாழ்ந்துவிடுமா? அதுதான் என் கேள்வி. அதன் பிறகு என் சாமானில் இன்னொருவர் கை வைக்க நான் விட்டதில்லை. எதை எங்கே வைப்பது என்று எனக்கு ஒருவர் சொல்லவும் விட்டதில்லை.

இவருக்கு நான் சொன்னது, பெட்டியில் இரண்டு சீலை போய்விட்டது என்று மட்டும்தான். கடிதத்துக்கு அழுதவள் என்று ஏன் தெரிய வேண்டும்?

பூசணிக்காய் மாதிரித் தட்டிப் பார்த்தது

ஏறமாட்டேன் என்றேனே தவிர, பார்க்க வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஏமாந்து வாங்கிவிடுவார்களோ என்கிற பயம் வேறு.

முதல் வள்ளம் கொலோனுக்குக் கிட்ட ஒரு முற்றத்தில் நின்றது. முகம் தெரிகிற மாதிரி மினுக்கி வைத்திருந்தார்கள். விற்கிறவர் இவருக்கும் மகளுக்கும் எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வந்து, விரல் மொழியால் அடியைத் தட்டிக்கொண்டு போனேன். டொக், டொக், டொக். ஓரிடத்தில் வந்ததும் பொத் என்றது.

"அம்மா, உது பூசணிக்காய் இல்லை!" மகளுக்கு வெட்கம்.

"பூசணிக்காயெண்டாலும் இந்தச் சத்தத்துக்கு நான் வாங்கமாட்டன். உது உள்ளுக்கு ஊறிப்போச்சு."

இவர் குனிந்து தானும் தட்டிப் பார்த்தார். பொத். விற்கிறவரின் முகம் மாறிற்று. நாங்கள் வந்துவிட்டோம்.

இரண்டாவது வள்ளத்துக்குள் படுக்கை இருந்தது, அடுப்பு இருந்தது, கை கழுவுகிற இடம் கூட இருந்தது. மகளுக்குப் பிடித்துவிட்டது.

"பாருங்கோ அம்மா, உள்ளுக்கையே சமைக்கலாம்!"

"வீட்டில சமைக்கிறது காணாதெண்டு ஆத்துக்குள்ளயும் போய்ச் சமைக்கவோ?"

"அங்கயும் கோப்பை கழுவவோ?" என்றார் இவர். அதுவும் சரிவரவில்லை.

மூன்றாவது நெதர்லாந்து எல்லைக்குக் கிட்ட, ஒரு கிழவரின் கொட்டிலில் இருந்தது. மனைவி செத்த பிறகு அவர் அதைத் தண்ணீரில் இறக்கவில்லையாம். வெள்ளை வள்ளம், நீலக் கதிரைகள், நான் நடந்து அளந்தால் எட்டுக் கவடு நீளம். நான் தலையிலிருந்து வால் வரை தட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். பிறகு முழங்காலில் இருந்து அடியையும் தட்டினேன். கிழவர் என்னைப் பார்த்து என்னவோ சொன்னார்.

"வந்து பாத்த ஆக்களில ஒருத்தரும் கீழ குனிஞ்சு பாக்கேல்லையாம், நீங்கள் மட்டும்தானாம்," என்றாள் மகள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் தலை கொஞ்சம் உயரத்தில்தான் இருந்தது. மறைக்கவில்லை. வள்ளம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

கிழவரின் தராசு

வள்ளத்தை எடுத்துவர ஒரு சனிக்கிழமை காலையில் போனோம். கிழவர் தன் குளியலறையிலிருந்து ஆள் நிறை பார்க்கிற தராசைக் கொண்டுவந்து நிலத்தில் வைத்தார். அதன் மேல் ஒரு மரக்கட்டை. கட்டையின் மேல் அன்ஹெங்கரின் மூக்கு. குனிந்து முள்ளைப் பார்த்தார். திருப்தியில்லை. பெற்றோல் தாங்கியை முன்னுக்குத் தள்ளினார், நங்கூரத்தை முன்னுக்கு எடுத்தார், மறுபடி பார்த்தார். பிறகு விரலை நீட்டி எங்கள் மூன்று பேருக்கும் சொன்னார். மகள் தமிழில் சொன்னாள்.

"மூக்கு காருக்கு மேல அமத்திக்கொண்டு இருக்கவேணுமாம். வால் பாரமெண்டால், ஓட்டத்தில அன்ஹெங்கர் அலையுமாம், காரையும் கொண்டு போயிடுமாம். இனி இதுக்குள்ள ஒரு பூனைக்குட்டியும் ஏறக்கூடாதாம்."

நானும் கேட்டேன். காதில் விழவில்லை என்று பொய் எழுதமாட்டேன்.

பிறகு என் வேலை. காருக்கு நான்கு, அன்ஹெங்கருக்கு இரண்டு என்று சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தேன். கற்பூரம் கொளுத்தி வள்ளத்தின் முன் காட்டினேன். கிழவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"பென்சீன்! பென்சீன்!"

"பெற்றோல் இருக்கிற இடத்தில நெருப்புக் காட்டாதேங்கோ அம்மா!" மகள் ஊதி அணைத்துவிட்டாள். எனக்கு அது மனசில் குத்திற்று. முதல் நாளே அணைந்த நெருப்பு.

அவர்கள் கடதாசியில் கையெழுத்து வைக்கவும் கோப்பி குடிக்கவும் உள்ளே போனார்கள். நான் வெளியில் நின்றேன். காற்று ஈரமாய் வீசிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், புதிதாய் வாங்கிய எதையும் வெறுமையாய் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. புதுப் பானை என்றாலும் உள்ளே ஒரு பிடி அரிசி போட்டுத்தான் வாசல்படி ஏற்றுவோம். அதற்காகவே வீட்டிலிருந்து இருபது கிலோ அரிசிப் பை ஒன்றைக் காரின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். ஒரு பிடி காணாதா என்று கேட்பீர்கள். இவ்வளவு பெரிய வள்ளத்துக்கு ஒரு பிடி எந்த மூலைக்கு? கற்பூரம் வேறு அணைந்துபோயிற்று. எனக்குப் பயம். பயத்துக்கு நான் அளவு பார்க்கவில்லை.

கிழவரின் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள், மூட்டை மூட்டையாய். மண் மணம் மாறாத கிழங்கு. எங்கள் கட்டடத்தில் ஐந்து தமிழ் வீடுகள். இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புகிற சனமா நாங்கள்? ஐந்து மூட்டை வாங்கினேன். கிழங்கு விற்ற பெண் நல்ல பலசாலி. தள்ளுவண்டியில் கொண்டுவந்து, எங்கே வைக்க என்று கையால் கேட்டாள்.

காரைக் காட்டியிருக்கலாம். மண் சிந்தினால் இவர் ஏசுவார். வள்ளத்தை மூடிய தார்ப்பாயில் பின்மூலை மட்டும் இன்னும் கட்டப்படாமல் இருந்தது. வாலில், எஞ்சினுக்குப் பக்கத்தில். உயரமும் அங்கேதான் குறைவு. அங்கே காட்டினேன். ஐந்து மூட்டையும் அதன் மேல் என் அரிசிப் பையும் ஏறின. தார்ப்பாயை இழுத்து நானே முடிச்சுப் போட்டேன்.

நிறைந்த வள்ளம், வெறும் வள்ளமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பயம் குறைந்தது.

பாலம்

இப்போது பாலத்துக்கு வருகிறேன்.

அதுவரை இவர் நன்றாகத்தான் ஓட்டினார். எண்பதுக்கு மேல் போகவில்லை. ரேடியோவும் போடவில்லை. பாலத்தில் ஏறி இறங்கும்போது ஒரு நீட்டு லொறி எங்களைக் கடந்தது. அதன் காற்று காரை ஒருமுறை தள்ளி, பிறகு உறிஞ்சியது. இறக்கத்தில் வேகமும் கொஞ்சம் கூடிவிட்டது. அங்கேதான் அந்த வெள்ளை விலா ஒரு முழமாயிற்று.

இவர் ஸ்ரியறிங்கை மறுபக்கம் திருப்பினார். ஆட்டம் இரண்டு மடங்கானது.

"திருப்பாதேங்கோ அப்பா! நேராய்ப் பிடியுங்கோ! காஸ் பெடலில இருந்து காலை எடுங்கோ!"

"எடுத்திட்டன், எடுத்திட்டன்!"

"சுகந்தி!" நான் கத்தினேன். "பின்னால நில்லாத! விலத்திப் போ! வள்ளத்துக்குப் பின்னால நில்லாத பிள்ளை!"

"நான் விலத்தினால் பின்னால வாற லொறி உங்களில வந்து அடிப்பான் அம்மா. லைற்றைப் போட்டு மறிச்சுக்கொண்டு வாறன். நீங்கள் சும்மா இருங்கோ!"

அவள் விலத்தவில்லை. ஆறு வயசில் என் மடியில் இருந்தவள், இப்போது அலைகிற வாலுக்குப் பின்னால் தானாகவே நிற்கிறாள்.

கார் இடதுபக்கம் போனது, வலதுபக்கம் போனது. எனக்கு அந்த ஆட்டம் தெரிந்த ஆட்டமாக இருந்தது. உடம்பு மறக்காது போலிருக்கிறது. அதே இழுவை, அதே அலைவு. என் காதுக்குள் ஒருவர் கத்தினார். கார் ரெலிபோனில் இல்லை.

*பின்பாரம் கூட!*

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வால் ஏன் ஆடுகிறது என்று அந்த ஓட்டோபானில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஏற்றியவளும் நான்தான்.

காலை அழுத்தி ஊன்றினேன். அடியில் கிடந்த தேசிக்காய் ஒன்று நசிந்தது. கார் முழுக்க அந்தப் புளித்த மணம் எழும்பிற்று. இவர் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு, ஸ்ரியறிங்கை நேராய்ப் பிடித்தபடி இருந்தார். எழுபது. அறுபது. வெள்ளை விலா ஒரு முழத்திலிருந்து ஒரு சாண் ஆயிற்று. ஐம்பது. நாலு விரல். பிறகு ஒரு விரல்.

"நிண்டிட்டுது," என்றாள் மகள். அவளுடைய குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை. "முன்னால பார்க்கிங் இருக்கு அப்பா. மெல்லமாய் உள்ளுக்கு விடுங்கோ."

அவருடைய கை

வண்டி நின்ற பிறகும் இவர் இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்ரியறிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.  அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மகள் ஓடி வந்து கதவைத் திறந்தாள். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ர கைதான் பிழை," என்றார் இவர். "என்னால பிடிக்க ஏலாமல் போச்சு. நீர் அண்டைக்கே சொன்னனீர், எழுபத்தொரு வயசெண்டு."

"அப்பா, அப்பிடி இல்லை..."

"இல்லைப் பிள்ளை. அந்த ஐயாவுக்கு ரெலிபோன் எடு. ஆரையும் விட்டு வள்ளத்தைத் திருப்பி எடுக்கச் சொல்லு. எனக்கு வேண்டாம். கார் ஓடுறதும் இனி வேண்டாம். உங்கள் ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தன்."

நான் இருக்கையிலேயே இருந்தேன். உள்ளதைச் சொல்லவேண்டும். அந்த நேரம் நான் பேசாமல் இருந்தால், வள்ளம் திரும்பிப் போய்விடும். நான் தொடக்கத்திலிருந்து விரும்பியது அதைத்தானே. ஒரு வார்த்தையும் வேண்டாம். தார்ப்பாய் மூடியிருக்கிறது. கிழவர் வந்து அவிழ்த்துப் பார்த்தாலும், அது பிறகு பார்க்க வேண்டிய கதை. தண்ணீர்ப் பக்கமே நாங்கள் போகத் தேவையில்லை. என் பிள்ளையும் புருசனும் கரையில் இருப்பார்கள்.

இதை நான் ஒரு கணம் நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். கனநேரம் நினைத்தேன். மகள் கிழவரின் நம்பரைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

இவர் இன்னும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளுத்த நகக்கண்களை. எனக்காக எழுத்தைப் பெருப்பித்து எழுதின கை.

"சுகந்தி," என்றேன். "தார்ப்பாயின்ர பின்மூலையை அவிட்டுப் பார்."

அவள் என்னைப் பார்த்தாள். போய் அவிழ்த்தாள். 

"என்ன அம்மா இது?"

"கிழங்கு."

"எத்தினை?"

"அஞ்சு மூட்டை. அரிசியும் இருக்கு."

"அம்மா!" பார்க்கிங்கில் நின்ற லொறிக்காரர் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பூனைக்குட்டியும் ஏறக்கூடாதெண்டு சொன்னவர் எல்லோ! உங்களுக்கு முன்னால நிண்டுதானே நான் தமிழில சொன்னனான்! கிழங்கு எங்கட தெருக் கடையில இல்லையே? அந்த வள்ளம் கழண்டு வந்திருந்தால்... நான் பின்னால..." அவள் முடிக்கவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

 எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் இறங்கிப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

இவரும் இறங்கி வந்தார். தார்ப்பாயைத் தூக்கி ஒவ்வொரு மூட்டையாய்ப் பார்த்தார். ஒரு மூட்டையின் மேல் கையை வைத்தார். பிறகு என்னைக் கேட்டார்.

"அப்ப... என்ர கை இல்லையோ?"

"உங்கட கையில ஒரு பிழையும் இல்லை," என்றேன். "நான் வைச்ச பாரம்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் அந்த மூட்டையைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். "பிடி பிள்ளை," என்றார் மகளிடம். குரல் பழையபடி வந்துவிட்டது.

மூட்டைகள் எல்லாம் மகளின் காருக்குப் போயின. அரிசிப் பை என் காலடியில், தேசிக்காய்களுக்கு நடுவே வந்தது. நங்கூரமும் பெற்றோல் தாங்கியும் கிழவர் வைத்த இடத்தில்தான் இருக்கின்றனவா என்று இவர் மூன்று முறை பார்த்தார்.

வீடு வரை

மறுபடி ஓட்டோபானில் ஏறும்போது கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் எழுபதிலேயே போனார். லொறிகள் கடந்தன.  கண்ணாடியில் ஒரு விரற்கடை வெள்ளை. அது ஒரு விரற்கடையாகவே இருந்தது.

பான் கிட்ட வந்தபோது சொன்னேன். "அந்தத் தகரப் பெட்டிக்குள்ள சீலை இல்லை. உங்கட கடிதங்கள்."

அவர் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"எல்லாமோ?"

"எல்லாம்."



"இப்ப கதையாதேயும்," என்றார். "ரோட்டைப் பாக்கவேணும்." ஆனால் அவருடைய இடது கை ஒரு கணம் அசைந்ததை நான் கண்டேன், கண்ணைத் துடைக்கப் போய், ஸ்ரியறிங்கை விடப் பயந்து நின்றுவிட்ட கை.

எங்கள் முற்றத்துக்குள் வண்டியைத் திருப்ப முன் அவர் நிறுத்தினார். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, அரிசிப் பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளினார். கொண்டுபோய் வள்ளத்தின் மூக்கில் போட்டார்.

"வெறுமையாய் வரக்கூடாதெல்லோ," என்றார்.

ஒரு பிடி. அது காணுமாக இருந்தது.

அந்தப் படகுக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. அவர் இந்தப் பத்திரிகை படிக்கிற ஆளாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. இவ்வளவு காலமும் நான் அவருக்குச் சொன்ன சொல்லையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்கு என் மடியில் ஒரு பிள்ளை இருந்தது. அவர் அதைப் பார்த்திருக்கிறார். நான் பெட்டியைத்தான் பார்த்திருக்கிறேன்.

வள்ளம் இப்போது முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. மழை பெய்தால் அதன் மேல் விழுகிற சத்தம் எங்கள் படுக்கை அறைக்குக் கேட்கிறது.  பயம் போய்விட்டது என்று நான் எழுதப் போவதில்லை. இவர் புதிதாய் ஒரு தராசு வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை தோறும் மூக்கை வைத்து நிறுத்துப் பார்க்கிறார், நிற்கிற வள்ளத்தை. நான் சன்னலால் பார்ப்பேன். அவர் முள்ளைப் பார்த்துவிட்டு எனக்குக் கையைக் காட்டுவார்.

சூடு வந்ததும் மோசலில் இறக்குவதாக இருக்கிறார்கள். போன ஞாயிறு மகள் வந்து, மேசையில் ஒரு தாளை வைத்து, யார் எந்தக் கதிரையில் என்று கீறிக்கொண்டிருந்தாள். மூன்று வட்டம் போட்டாள். இரண்டில் பெயர் எழுதினாள். பிறகு பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"நீங்கள்தான் ஏறமாட்டனெண்டியளே அம்மா. ஏறினால் எங்க இருப்பியள்?"

நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்தேன்.

"முன்னுக்கு," என்றேன்.